திரைப்படப் பாடலும் தனிமனித இரசனையும்: சில சமூகவியற் குறிப்புகள்

1. பிரச்சினை

ஒருவருக்கு எத்திரைப்படம் பிடிக்கும், எப்பாடல் பிடிக்கும் என்னும் வினா நம்மிடையே பெரும்பாலும் ஆராய்ச்சிக்குரிய ஒன்றாகக் கொள்ளப்படுவதில்லை. அது அவரவர் மனத்தைப் பொறுத்தது என்ற ஒரு வாக்கியத்துடன் உரையாடல் முடிந்துவிடுகின்றது. அரசியல் பற்றியும் இலக்கியம் பற்றியும் கடுமையாக வாதிடும் நண்பர்கள்கூடத் தமக்குப் பிடித்த பாடல் என்று வரும்போது வாதத்தைக் கைவிட்டு அப்பாடலை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவதை நாம் அறிவோம். வாதம் நிற்கும் அந்த இடத்திலிருந்தே இக்கட்டுரை தொடங்குகின்றது.

திரைப்படப் பாடல் மீதான விருப்பினைப் பற்றி நமது அறிவுலகில் இரு மனோபாவங்கள் நிலவி வந்துள்ளன. முதலாவது, இகழ்ச்சி. மரபுவழிப் பண்டிதர்கள் இப்பாடல்களைச் சாத்திரிய சங்கீதத்தின் சிதைவாகக் கண்டனர். முற்போக்கு விமர்சகர் சிலர் இவற்றை முதலாளித்துவ வணிகம் மக்களுக்கு ஊட்டும் மயக்கமருந்தாகக் கண்டனர். தொடங்கும் இடம் வேறெனினும் இரு சாராரும் வந்து சேர்ந்த முடிபு ஒன்றே: பெரும்பான்மை மக்களுக்கு இரசனை இல்லை என்பது. இரண்டாவது மனோபாவம் அண்மைக் காலத்தது. பல்கலைக்கழகங்களிலே வெகுசனப் பண்பாட்டு ஆய்வு செல்வாக்குப் பெற்றதன் பின்னர், மக்கள் விரும்புவது எதுவாயினும் அது மக்கள் கலையே என ஏற்றுக்கொள்ளும் போக்கு வளர்ந்துள்ளது. முன்னையோர் மக்களைக் கேட்காமலே தீர்ப்புக் கூறினர். பின்னையோர் தீர்ப்புக் கூறும் பொறுப்பினையே துறந்தனர். குறிப்பிட்ட ஒரு பாடல் குறிப்பிட்ட மக்களுக்கு ஏன் பிடித்தது என்னும் வினா இருவரிடத்தும் விடையின்றியே நிற்கின்றது.

இவ்வினாவை அணுகுமுன் மூன்று சொற்களைப் பிரித்தறிதல் அவசியமாகும். ஒரு பாடலைக் கேட்கையில் உடனடியாக எழும் இன்பம் விருப்பு ஆகும். பல விருப்புகள் காலப்போக்கில் ஓர் ஒழுங்கிற்குட்பட்டு, இன்னதைத் தெரிவது இன்னதைத் தள்ளுவது என்ற பழக்கமாகத் திரள்வது இரசனை ஆகும். அந்த இரசனையையும் அதற்கு ஆதாரமான கலைப்படைப்பையும் காரணகாரிய முறைப்படி எடைபோடுவது மதிப்பீடு ஆகும். விருப்பு தனிமனிதனுடையதாகத் தோன்றும்; இரசனை சமூகத்தினது; மதிப்பீடு நாம் உணர்வுபூர்வமாக மேற்கொள்ள வேண்டிய பணி. இம்மூன்றினையும் ஒன்றாக மயங்கியமையே மேலே கூறிய இரு மனோபாவங்களுக்கும் பொதுவான குறையாகும்.

2. செவி உருவான வரலாறு

1857இல் எழுதிய அரசியற் பொருளாதாரக் குறிப்புகளின் முன்னுரையில் மார்க்ஸ், உற்பத்திக்கும் நுகர்வுக்குமுள்ள உறவினை ஆராயுமிடத்துக் கலையையும் உதாரணமாகக் கொள்கின்றார். பொருளை உற்பத்தி செய்யும் செயலானது அப்பொருளை வேண்டி நிற்கும் மனிதனையும் உருவாக்கிவிடுகின்றது என்பதே அவரது வாதத்தின் சாரம். கலையும் தன்னைச் சுவைக்க வல்லவரைத் தானே படைத்துக்கொள்கின்றது. தமிழ்த் திரைப்படப் பாடலின் வரலாறு இக்கருத்துக்குத் தக்க சான்றாக அமைகின்றது.

தமிழின் முதற் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்தது. ஆயின் அப்படத்தைக் காணச் சென்றவர்களின் செவி அதற்கு முன்னரே பயிற்றப்பட்டிருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த இசை நாடகங்களும் அந்நாடகப் பாடல்களைப் பதிவு செய்து விற்ற கிராமபோன் இசைத்தட்டுகளும் அப்பயிற்சியை அளித்திருந்தன. எம். கே. தியாகராஜ பாகவதர், பி. யு. சின்னப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோர் நாடக மேடையிலிருந்தே திரைக்கு வந்தவர்கள். பாடத் தெரிந்தவரே நடிகர் என்ற நிலை நாடகத்தின் கொடையாகும். 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பர். மக்கள் அதனை மீண்டும் மீண்டும் கண்டதெனில், பாபநாசம் சிவனின் பாடல்களைப் பாகவதரின் குரலிற் கேட்கும் வாய்ப்பு அதற்கு ஒரு முக்கிய காரணமாகும். யாழ்ப்பாணத்திலும் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ பன்னெடுங்காலம் இரவிரவாகப் பார்க்கப்பட்டது இதே செவிப் பயிற்சியின் தொடர்ச்சியேயாகும்.

இவ்விடத்து ‘இரசிகர்’ என்னும் சொல்லின் பயணத்தை அவதானித்தல் பயனுடையது. அரசவையிலும் பின்னர் சங்கீத சபையிலும் கலை நுணுக்கம் அறிந்த சிலரையே அச்சொல் குறித்தது. அச்சிலராக இருப்பதற்குச் செல்வமும் சாதியும் ஓய்வும் முன்நிபந்தனைகளாயின. அதே சொல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ‘இரசிகர் மன்றம்’ என்ற தொடரில் வந்து அமர்ந்தபோது, அது றிக்‌ஷா இழுப்பவரையும் ஆலைத் தொழிலாளியையும் குறிக்கலாயிற்று. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தமது ஆய்விலே, தமிழர் யாவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதலாவது கலையரங்கு சினிமாக் கொட்டகையே எனவும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, நுழைவுச் சீட்டின் விலையே எனவும் எடுத்துக்காட்டினார். பணம் என்ற புதிய ஏற்றத்தாழ்வு பழைய ஏற்றத்தாழ்வின் ஒரு பகுதியைத் தகர்த்தது. திரைப்பட இரசனை மீதான உயர்குழாத்தினரின் வெறுப்பிலே, கலை பற்றிய கவலையுடன் இத்தகர்வு பற்றிய எரிச்சலும் கலந்திருந்தது என நாம் கருதுகின்றோம்.

பாடலின் வடிவமும் பொருளியற் காரணிகளாலேயே அமைந்தது. பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிட ஒலியையே கொள்ளும். இராக ஆலாபனைக்கு அங்கு இடமில்லை. பல்லவியையும் இரண்டு அல்லது மூன்று சரணங்களையும் அவற்றிடையே வாத்திய இசையையும் கொண்டு, ஒரு மனநிலையை அந்நேரத்துள் முழுமைப்படுத்த வேண்டியிருந்தது. பின்னணிப் பாடும் முறை நிலைபெற்றதும் நடிகர் பாடகராக இருக்கவேண்டிய தேவை அற்றது. குரலும் முகமும் வெவ்வேறு தொழிலாளரின் பங்களிப்பாயின. விசுவநாதன்–இராமமூர்த்தி இணையர் 1952 முதல் 1965 வரை அமைத்த இசை இச்சிறு வடிவத்தின் சாத்தியப்பாடுகளை அதன் எல்லைவரை கொண்டு சென்றது. எம்.ஜி.ஆர். இரசிகரும் சிவாஜி இரசிகரும் தெருவில் மோதிக்கொண்ட காலத்தில் இரு நாயகர்களுக்கும் பெரும்பாலும் பாடியது டி. எம். சௌந்தரராஜன் என்ற ஒரே குரல்தான். அவரவர் தமக்கேயுரிய இரசனை என்று காத்துநின்றதன் அடியில் ஒரே உற்பத்திமுறை இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3. அரசு தடுத்ததும் விளம்பரம் திறந்ததும்

இரசனை நிறுவனங்களால் உருவாகின்றது என்பதற்கு நமது நாட்டுடன் நேரடித் தொடர்புடைய ஒரு வரலாறு உண்டு. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்பட இசை மக்களின் இரசனையைக் கெடுக்கின்றது என்ற கொள்கையுடையவர். அவரது காலத்திலே அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்கள் பெரிதும் ஒதுக்கப்பட்டுச் சாத்திரிய இசை முதன்மை பெற்றது. அரசு தன் குடிமக்களின் செவியை ஆணையால் திருத்த முயன்ற நிகழ்ச்சி இதுவாகும்.

இம்முயற்சியின் விளைவு இலங்கையிலே தெரிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்தின் தேவைக்காக இங்கு நிறுவப்பட்ட வலுமிக்க சிற்றலை ஒலிபரப்பி, போரின் பின்னர் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் இலங்கை வானொலி தனது வர்த்தக சேவையைத் தொடங்கியது. ஏகாதிபத்தியம் தன் படைவீரருக்காக அமைத்த சாதனம், இந்திய உபகண்டத்தின் பாட்டுப் பசியைத் தீர்க்கும் சாதனமாயிற்று. 1952இன் இறுதியில் ஆரம்பமாகி அமீன் சயானியின் குரலாற் புகழ்பெற்ற இந்திப் பாடல் வரிசை நிகழ்ச்சி ஒரு பற்பசையின் பெயரைத் தாங்கியே ஒலித்தது. தமிழிலும் எஸ். பி. மயில்வாகனன் முதலாய அறிவிப்பாளரின் குரல்கள் பாக்கு நீரிணையின் இருகரைகளிலும் வீட்டுக் குரல்களாயின. இந்திய வானொலி 1957இல் விவித் பாரதி என்னும் சேவையை ஆரம்பித்துத் திரைப்படப் பாடலுக்கு இடமளிக்க நேர்ந்தது. 1967இல் அச்சேவையில் வர்த்தக விளம்பரமும் இடம்பெறலாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து இரு பாடங்களைப் பெறலாம். மேலிருந்து விதிக்கப்படும் இரசனை நிலைப்பதில்லை என்பது ஒன்று. மற்றையது நமக்கு அத்துணை உவப்பானதன்று: ஆணை திறக்க மறுத்த கதவைத் திறந்தது மக்களின் இயக்கமன்று, பற்பசை விற்க முனைந்த மூலதனம். மக்களின் விருப்பு மெய்யானது. அவ்விருப்பைக் காற்றில் ஏற்றிய சக்தி இலாபத்தை நோக்கியது. இவ்விரண்டினையும் ஒருசேர ஏற்றுக்கொள்ளாத எந்த விளக்கமும் அரைகுறையானதே.

இலங்கையின் இனங்களிடையே அன்று நிலவிய இசை உறவினையும் இங்குக் குறித்தல் வேண்டும். முதலாவது சிங்களப் பேசும் படமாகிய ‘கடவுணு பொறொந்துவ’ 1947இல் வெளிவந்தது, எஸ். எம். நாயகம் என்னும் தமிழரால் தென்னிந்தியாவிலே தயாரிக்கப்பட்டது. ஆரம்பகாலச் சிங்களத் திரைப்பாடல்கள் பல இந்தி, தமிழ் மெட்டுகளைத் தழுவியவை. சேலத்திற் பிறந்த மொஹிதீன் பேக் சிங்கள மக்களின் அபிமானப் பாடகரானார். மொழிவழி அரசியல் மக்களைப் பிரித்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே அவர்களின் செவி பொதுவானதொரு மெட்டுக் களஞ்சியத்திலிருந்து ஊட்டம் பெற்றது. ஆனால் பொதுவான மெட்டு பொதுவான அரசியலைத் தந்துவிடவில்லை என்பதற்கு 1956, 1958, 1983 ஆகிய ஆண்டுகள் சாட்சி. இரசனையின் ஒருமைப்பாட்டை மக்களின் ஒருமைப்பாடாக மயங்கலாகாது.

4. கேட்போர் செய்வது யாது?

உற்பத்தி நுகர்வோனைப் படைக்கின்றது என்பது உண்மையின் ஒரு பாதி. மறுபாதி, நுகர்வோன் தான் பெற்றதைக்கொண்டு என்ன செய்கின்றான் என்பதாகும். திரைப்படப் பாடலுக்குப் பிற கலைக்கூறுகட்கில்லாத ஓர் இயல்பு உண்டு: அது தன் படத்தினின்றும் பிரிந்து வாழ வல்லது. கதையில் நாயகன் நாயகியை நோக்கிப் பாடியது, வானொலியில் யாரும் யாரையும் நோக்கிப் பாடுவதாகி விடுகின்றது. படத்தை என்றுமே காணாதவர்கள் அதன் பாடலை ஆயிரம் முறை கேட்டிருப்பர்.

இலங்கை வானொலியின் நிகழ்ச்சி அமைப்பு இவ்வியல்பைப் பெரிதும் வளர்த்தது. நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் பாடலுக்கு முன்னர் அதனை விரும்பியோரின் பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்பட்டன. பத்திரிகையிலோ வரலாற்றிலோ பெயர் இடம்பெற வாய்ப்பற்ற தோட்டத் தொழிலாளியின் மகளும் கடலோடியின் மகனும் ஓர் அஞ்சலட்டையின் செலவில் தம் பெயரைத் தேசமெங்கும் கேட்கச் செய்தனர். அங்கு விரும்பப்பட்டது பாடல் மட்டுமன்று. ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சி இன்னும் ஒரு படி முன்சென்றது. நேயர் எழுதியனுப்பும் சிறு கதையொன்றின் உணர்ச்சிக் கட்டங்களிலே திரைப்படப் பாடல்கள் பொருத்தி ஒலிபரப்பப்பட்டன. அதாவது, படத்தின் கதையைக் களைந்துவிட்டுத் தமது கதைக்கு அப்பாடலைச் சொந்தமாக்கும் உரிமையைக் கேட்போர் நடைமுறையிற் பெற்றனர். ஈழத்து எழுத்தாளர் பலருக்கு இந்நிகழ்ச்சி முதற் பயிற்சிக் களமாகவும் அமைந்தது. பி. எச். அப்துல் ஹமீதுடன் இணைத்து நினைக்கப்படும் ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியோ, குறித்த எழுத்திலே தொடங்கும் பாடலைச் சொற்பிழையின்றிப் பாடுமாறு கேட்டது. எழுத்தறிவு குறைந்தோரிடத்தும் நூற்றுக்கணக்கான பாடல்கள் மனனமாய் இருந்தமையை அது வெளிக்கொணர்ந்தது. வாய்மொழி மரபின் நினைவாற்றல் அழிந்துவிடவில்லை, இடம்மாறியிருந்தது என்பதே இதனாற் புலனாவது.

1977இன் பின்னர் திறந்த பொருளாதாரக் கொள்கையுடன் ஒலிநாடாக் கருவிகள் பெருகின. மத்திய கிழக்கிற்கு உழைக்கச் சென்றோர் திரும்பி வரும்போது கொணர்ந்த பொருள்களில் அதுவும் ஒன்று. சிறு நகரங்களில் ‘றெக்கோடிங் பார்’ எனப்பட்ட கடைகள் தோன்றின. வாடிக்கையாளர் தாம் விரும்பிய பாடல்களை ஒரு தாளில் வரிசைப்படுத்திக் கொடுக்க, கடைக்காரர் அவற்றை ஒலிநாடாவிற் பதிந்து கொடுப்பார். வானொலி நிலையத்தின் தெரிவிலிருந்து விடுபட்ட தனிமனித இரசனை அங்கு முதன்முறையாக எழுத்துருப் பெற்றது. அக்கணமே அது விலைகொடுத்துப் பெறும் பண்டமாகவும் ஆயிற்று.

இதற்கு நேர்மாறான நிலையையும் நம் மக்கள் கண்டனர். 1990இன் பின்னர் சில ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. பொருளாதாரத் தடையினால் மின்கலங்களும் கிடைக்கவில்லை. அக்காலத்திலே சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழும் மின்சாரத்தைக் கொண்டு வானொலியும் ஒலிநாடாவும் கேட்டனர். செய்தி கேட்பதற்கே முதலிடம் என்பது உண்மை. செய்தி முடிந்த பின்னரும் சில்லைச் சுழற்றியவர்கள் இருந்தனர் என்பதும் உண்மை. ஒரு பாடலைக் கேட்பதற்கு ஒருவர் உடலுழைப்பைச் செலவிட வேண்டியிருந்தது. சுழற்றுபவர் களைத்தால் பாடகரின் குரலும் தளரும். வெகுசன இரசனையைச் செயலற்ற நுகர்வு என்று வரையறுக்கும் கோட்பாட்டாளர் இக்காட்சிக்குப் பதில் கூற வேண்டும். தியோடர் அடோர்னோ 1941இல் வெகுசன இசை பற்றி எழுதிய கட்டுரை, ஒரே அச்சில் வார்த்த பாடல்கள் கேட்போரின் எதிர்வினையையும் முன்கூட்டியே வார்த்துவிடுகின்றன என வாதிட்டது. அமெரிக்க இசைத்தொழிலின் இயல்பினை அது கூர்மையாகக் கண்டது. வாழ்வு நெருக்கடிக்குள்ளான மக்கள் அதே அச்சுப் பாடலைத் தம் மனிதநிலையைக் காத்துக்கொள்ளும் கருவியாகவும் ஆக்கக்கூடும் என்பதனை அது காணவில்லை.

5. பிடிக்கும், ஆனால் ஏற்கமுடியுமா?

இனி மதிப்பீடு பற்றிய வினாவுக்கு வருவோம். கருத்துநிலையில் நாம் நிராகரிக்கும் ஒரு பாடல் நமக்குப் பிடித்திருக்குமாயின் நாம் செய்யவேண்டியது யாது? முற்போக்காளர் பலருக்கு இது மறைமுகமான சங்கடமாக இருந்து வந்துள்ளது. மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாகக் கேட்கும் இரட்டை வாழ்வுக்கு அது இட்டுச் சென்றது.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை உதாரணமாகக் கொள்வோம். 1930இற் பிறந்து 1959இல் மறைந்த அவர், விவசாய இயக்கத்தினதும் பொதுவுடைமைக் கட்சியினதும் சூழலில் உருவானவர். உழைப்பின் மாண்பையும் சுரண்டலின் கொடுமையையும் எளிய சொல்லில் அவர் திரைக்குக் கொண்டுவந்தார். 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ உட்படப் பல படங்களில் அவரது பாடல்கள் எம்.ஜி.ஆரின் வாயசைப்பில் ஒலித்தன. அங்கு ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பாடல் உழைப்போரின் கூட்டு வலிமையைப் பேச, படமோ அவர்களின் விடுதலையைத் தனியொரு நாயகனின் கையில் ஒப்படைத்தது. பின்னர் தொழிலாளியாக, படகோட்டியாக, விவசாயியாக, றிக்‌ஷாக்காரனாக அந்நாயகன் அடுத்தடுத்துத் தோன்றினான். எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட ஆய்வு, ஒடுக்கப்பட்டோரின் நியாயமான ஏக்கமே அவர்களுக்கு எதிரான அரசியலுக்கு எவ்வாறு மூலதனமாயிற்று என்பதனை விரிவாக நிறுவியுள்ளது.

ஆகவே அப்பாடலை விரும்பிய தொழிலாளி ஏமாற்றப்பட்டவர் மட்டுந்தானா? அவ்வாறு கொள்வது நமது மூன்று சொற்களையும் மீண்டும் மயக்குவதாகும். பாடலில் அவர் கேட்டது தமது உழைப்புக்குக் கிடைத்த அங்கீகாரம். வேறெந்த மேடையும் அதனை அத்துணை அழகாக அவருக்கு வழங்கியிருக்கவில்லை. அவரது விருப்பு நியாயமானது. அவ்விருப்பினைப் படம் கொண்டுசென்று சேர்த்த இடமே விமர்சனத்துக்குரியது.

மாற்று முயற்சி இல்லாமலும் இல்லை. நிமாய் கோஷின் நெறியாள்கையில், எம். பி. சீனிவாசனின் இசையுடன் 1960இல் வெளிவந்த ‘பாதை தெரியுது பார்’ இடதுசாரிக் கலைஞர்கள் ஒன்றுகூடி உருவாக்கிய படமாகும். பட்டுக்கோட்டையாருடன் ஜெயகாந்தனும் கே. சி. எஸ். அருணாசலமும் அதற்குப் பாடல் எழுதினர். வணிக விநியோக அமைப்பில் அப்படம் நிலைக்கவில்லை. ஆயின் அதன் பாடல்கள் வானொலி வழியே படத்தைக் கடந்து வாழ்ந்தன. இதன் பொருள், முற்போக்கான பாடலை மக்கள் ஏற்கமாட்டார்கள் என்பது பொய். முற்போக்கான பாடலுக்கு விநியோக அமைப்பு வேண்டும் என்பதே மெய். ‘அன்னக்கிளி’ (1976) வாயிலாக இளையராஜா திரையிசைக்குக் கொண்டுவந்த கிராமிய மெட்டுகளுக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. அவரது தமையனார் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளிற் பாடியவர்; இளையராஜாவும் அம்மேடைகளிலே வாசித்துப் பழகியவர். கட்சி மேடை வளர்த்தெடுத்த ஒரு செவியை அறுவடை செய்தது சினிமாத் தொழிலே.

ஈழத்துத் தமிழ்த் திரைப்படங்களின் அனுபவமும் இதனோடு ஒத்தது. 1962இல் ‘சமுதாயம்’ படத்துடன் தொடங்கிய அம்முயற்சி, 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்த பின்னர் ஓரளவு வேகம் பெற்றது. தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’ (1977) யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பையும் பெண்ணின் நிலையையும் நிதானமாக நோக்கியது. வணிக வெற்றி பெறவில்லை. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ 1978இல் வந்தது. தென்னிந்தியப் படங்களினாற் பயிற்றப்பட்ட கண்ணும் செவியும் நம் மண்ணின் பேச்சையும் வேகத்தையும் திரையில் அந்நியமாக உணர்ந்தன. சொந்த வாழ்வே அந்நியமாகத் தோன்றுமளவுக்கு இரசனை உருவாக்கப்பட முடியும் என்பதற்கு இது துயரமான உதாரணம். இரசனையைக் குறைகூறி இதனை மாற்றவியலாது. தொடர்ச்சியான படைப்பே அதற்கேற்ற செவியைப் படைக்கும்; நமது நாட்டிலே அத்தொடர்ச்சி 1983இற் பெரிதும் அறுந்தது.

பெண்கள் தொடர்பிலும் இவ்வினா கூர்மையானது. கணவனே தெய்வம் என்னும் கருத்தினைப் பி. சுசீலா போன்றோரின் இனிய குரலிலே கேட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. அக்கருத்தினை நாம் ஏற்கமுடியாது. அதே வேளை, பெண் தன் துயரத்தை வாய்விட்டுக் கூற இடமில்லாத வீட்டிலே, துயரம் நிறைந்த ஒரு பெண்குரல் தினமும் வந்து ஒலித்தது என்பதனையும் மறுக்கமுடியாது. சொல் அடங்குமாறு கூற, குரல் அடங்காத ஒன்றைக் கூறியது. கேட்டவர் எதனைப் பற்றிக்கொண்டார் என்பதனைப் பாடல் வரிகளை மட்டும் பகுப்பாய்வு செய்து அறியமுடியாது. அவரைக் கேட்டே அறியவேண்டும்.

6. பழமையின் இனிமையும் இன்றைய நிலையும்

இன்று மத்தியதர வர்க்கத்தினரிடையே பரவலாகக் கேட்கும் கூற்று, பழைய பாடல்களில் இருந்த பொருளும் இனிமையும் இப்போது இல்லை என்பதாகும். ஆயின் ஐம்பதுகளின் பாடல்களைக் கேட்டுப் பாகவதர் காலத்தவர் இதனையே கூறினர். எண்பதுகளில் ஐம்பதுகளின் இரசிகர் கூறினர். இன்று எண்பதுகளின் இரசிகர் கூறுகின்றனர். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல் வெளியிட்ட ஆய்வு, இரசனை வேறுபாடுகள் வர்க்க வேறுபாடுகளை மறைமுகமாக உறுதிப்படுத்தும் முறையினை விளக்கியது. நம்மிடையே அது தலைமுறை வேறுபாடாக உருமாறித் தோன்றுகின்றது. ‘பழைய பாடல்’ இரசனை என்பது பெரும்பாலும், ஒரு காலத்திற் பண்டிதரால் இகழப்பட்டவர்கள் பின்னர் சமூகத்தில் உயர்ந்து, அடுத்து வருவோரை இகழும் உரிமையைப் பெற்றமைக்கான சான்றிதழாகும்.

இன்றைய உற்பத்திமுறையும் மாறிவிட்டது. கைத்தொலைபேசியிலே ஒருவர் முன்னர் கேட்டவற்றைக் கணித்து அடுத்த பாடலை முன்வைக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அவை ஒவ்வொருவருக்கும் அவரது இரசனையை அவருக்கே திருப்பி அளிக்கின்றன. நேயர் விருப்பத்தில் ஒருவரின் பாடலை ஊரே கேட்டது. காதுக்குள் அடங்கும் கருவியில் அதனை அடுத்திருப்பவரும் கேட்பதில்லை. இரசனை முழுமையாகத் தனிமனிதனுடையது என்னும் தோற்றம் இன்றுபோல் என்றும் வலுப்பெற்றிருந்ததில்லை. அதனைத் தீர்மானிக்கும் நிறுவனங்களும் இன்றுபோல் என்றும் கண்ணுக்குத் தெரியாதிருந்ததில்லை.

7. நமது பணி

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகளுக்கு வரலாம். முதலாவதாக, மக்களின் விருப்பினை இகழ்வது விமர்சனமாகாது; அது விமர்சனத்தின் இயலாமை. இரண்டாவதாக, விருப்பினை அப்படியே போற்றுவதும் விமர்சனமாகாது. அது அவ்விருப்பினை உருவாக்கிய மூலதனத்தைக் கேள்விக்கு அப்பால் வைப்பதாகும். மூன்றாவதாக, விமர்சகர் தமது விருப்பினையும் ஆராய்ச்சிக்குரிய பொருளாக ஏற்க வேண்டும். நமக்குப் பிடித்த பாடல் நமக்கு ஏன் பிடித்தது என விளக்க முடியாதவிடத்து, பிறரின் இரசனையைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கில்லை.

இதற்கு ஆதாரங்கள் வேண்டும். அவை வேகமாக அழிந்து வருகின்றன. கொப்பிகளிற் பாடல் எழுதி வைத்திருந்த பெண்களும், இசையும் கதையும் எழுதியனுப்பியவர்களும், றெக்கோடிங் பாரிலே பட்டியல்களைப் பெற்றுப் பதிந்தவர்களும், சைக்கிள் சில்லைச் சுழற்றியவர்களும் முதுமையடைந்து வருகின்றனர். போரும் இடப்பெயர்வும் அவர்களின் கொப்பிகளையும் ஒலிநாடாக்களையும் பெருமளவு அழித்துவிட்டன; நினைவு எஞ்சியுள்ளது. அவர்களைச் சந்தித்து, எப்பாடல் பிடித்தது என்பதுடன் நில்லாது, எங்கே கேட்டீர்கள், யாருடன் கேட்டீர்கள், அப்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள் என்று வினவிப் பதிவு செய்யும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளலாம். மலையகத்திலும் கிழக்கிலும் வன்னியிலும் கொழும்பிலும் பெறப்படும் விடைகள் ஒன்றாக இரா. அவ்வேறுபாடுகளின் வரலாறு எழுதப்படும்போதுதான், அவரவர் மனத்தைப் பொறுத்தது என்று நாம் முடித்துவைக்கும் உரையாடல் உண்மையிலே தொடங்கும்.